செயலாளர் ஆண்டறிக்கை: சட்ட உதவி வழக்குகளும் நம் சீனியரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் மூத்த, இளைய உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவிலிருந்து இன்றுவரை நம் வழக்கறிஞர் சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நூலகத்தில் பழைய தீர்ப்புத் தொகுதிகளுக்கு அட்டை மாற்றி, பட்டியல் எடுத்து முடித்திருக்கிறோம். பெண் உறுப்பினர்கள் நெடுநாளாகக் கேட்டுவந்த ஓய்வறை திறந்தாகிவிட்டது. அங்கே தண்ணீர் வசதி இன்னும் சரியாக இல்லை. அதை முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. இந்த ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். அவர்கள் நடத்திவந்த வழக்குகளின் கட்டுகளை உறுப்பினர்கள் தங்களுக்குள் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். அந்த வழக்குகளுக்கு உரிய கட்சிக்காரர்களிடம் மறுபடி கட்டணம் கேட்கவில்லை. யாரும் சொல்லாமலே நடந்த இந்தக் காரியம் சங்கப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மற்றவற்றை விட்டுவிட்டு இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒருவருக்காக எடுத்துக்கொள்கிறேன்.

விசாரணை நீதிமன்றங்களிலேயே தன் தொழில் வாழ்க்கை முழுவதையும் கழித்த நம் மூத்த உறுப்பினருக்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது நினைவிருக்கும். நானும் தலைவரும் அவர் அலுவலகத்துக்குப் போய்த் தீர்மானத்தைக் கொடுத்தோம். வாசித்துவிட்டு, விழா வேண்டாம் என்றார். “சட்ட உதவி வழக்குகளில் நாம் என்ன செய்தோம், எதைச் செய்யவில்லை என்று ஆண்டறிக்கையில் எழுதுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதனால் பெயர் இல்லை. நாம் எல்லோரும் அவரை அழைப்பதுபோல, சீனியர் என்றே இங்கேயும் எழுதுகிறேன். அவரிடம் ஜூனியராக இருந்து தொழில் கற்றவள் நான். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சீனியர் தொழிலுக்கு வந்த காலத்தில் சாட்சியத்தைத் தட்டச்சு இயந்திரத்தில் அடித்துக் கொண்டிருந்தார்கள். நகல் கிடைக்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் சாட்சி பேசப் பேசத் தன் நோட்டில் எழுதிக்கொள்ளும் பழக்கம் வந்தது என்பார். இன்றும் அந்தப் பழக்கம் விடவில்லை. பக்கத்தின் இடது பாதியில் சாட்சி இப்போது சொல்வது. வலது பாதியில் அதே சாட்சி போலீஸ் விசாரணையில் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. முரண்பாடு எங்கே, விடுபாடு எங்கே என்று அந்தக் கோட்டின் மேலேயே குறியிடுவார். போலீஸிடம் சொன்னதை 161ஆவது பிரிவு வாக்குமூலம் என்று நாம் சொல்லிப் பழகியது, குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாறியதால் இப்போது 180ஆவது பிரிவு ஆகிவிட்டது. கோடு மட்டும் மாறவில்லை.

இடையில் சில ஆண்டுகள் அரசு வழக்கறிஞராகவும் இருந்தார். அந்தக் காலத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. ஒன்றை மட்டும் ஜூனியர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வார். அரசு வழக்கறிஞரின் வேலை தண்டனை வாங்கித் தருவதல்ல. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமான ஆவணம் வழக்குக் கட்டில் இருந்தால் அதையும் நீதிமன்றத்தின் முன் வைப்பது அவர் கடமை. அப்படி வைத்ததால் அவர் பக்கம் தோற்ற வழக்குகளும் உண்டு. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக நான் பார்த்ததில்லை. உயர் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி நண்பர்கள் பலமுறை கூப்பிட்டார்கள். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் தனக்குத் தெரிந்த வேலை என்று இங்கேயே இருந்துவிட்டார்.

நான் சேர்ந்த புதிதில் கூட இருந்து பார்த்த வழக்கு ஒன்று. வீடு புகுந்து நகை திருடியதாக ஒரு கூலித் தொழிலாளி மேல் குற்றச்சாட்டு. வக்கீல் வைக்க வழியில்லாததால் சட்ட உதவி மூலம் சீனியரிடம் வந்தது. திருடியதைப் பார்த்த சாட்சி யாரும் கிடையாது. கைதானதும் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம், அதை வைத்து ஒரு வாய்க்கால் பாலத்துக்கு அடியிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட துணிப்பை, அதற்குள் நகை. வழக்கு அவ்வளவுதான். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. ஆனால் அதன் மூலமாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சியம் ஆகும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27ஆவது பிரிவு. இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 23ஆவது பிரிவில் வருகிறது. ஆக மொத்த வழக்கும் அந்தப் பாலத்தடியில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாலத்துக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் இறங்கினார். தூண்களில் தண்ணீர் நின்ற தடம் முழங்கால் உயரத்துக்கு மேல் இருந்தது. பக்கத்து வயலில் இருந்தவரிடம் எந்த மாதத்தில் தண்ணீர் விடுவார்கள் என்று விசாரித்தார். மறுநாளே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். நகை கைப்பற்றியதாக மகஜரில், அதாவது கைப்பற்றியதைப் போலீஸ் எழுதிவைக்கும் ஆவணத்தில், எழுதப்பட்டிருந்த நாளில் அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது என்று பதில் வந்தது.

மகஜர் சாட்சியாக ஒரு கிராம உதவியாளர் வந்தார். சீனியர் குரலை உயர்த்தவே இல்லை. பை எங்கே இருந்தது? பாலத்துக்கு அடியில், தரையில். பை ஈரமாக இருந்ததா? இல்லை. உள்ளே நகையைச் சுற்றியிருந்த காகிதம்? அதுவும் காய்ந்துதான் இருந்தது. மகஜரை எங்கே உட்கார்ந்து எழுதினார்கள்? அந்த மனிதர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “ஸ்டேஷனில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினார்கள்” என்றார். சீனியர் உட்கார்ந்துவிட்டார். வேண்டியது கிடைத்த பிறகு இன்னொரு கேள்வி கேட்கக்கூடாது என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்துக் கற்றேன். தண்ணீர் திறப்புப் பதிவை எதிரித் தரப்புச் சாட்சி மூலம் முறையாக வழக்கின் ஆவணமாகக் குறியீடு செய்தோம். விடுதலை ஆனது.

அந்தத் தொழிலாளி மறுநாள் அலுவலக வாசலில் வந்து நின்றார். ஜாமீன்தார் கிடைக்காமல் விசாரணை முடியும்வரை உள்ளேயே இருந்தவர். எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டார். எதுவும் இல்லை என்றதும் நம்பாமல் நின்றுகொண்டே இருந்தார். நாங்கள் பணம் வாங்காததைவிட, தனக்காக ஒருவர் வாய்க்காலுக்குள் இறங்கினார் என்பதுதான் அவரைத் திகைக்க வைத்தது என்று எனக்குப் பிறகு தோன்றியது. சட்ட உதவி வழக்கு என்றால் பெயருக்கு ஆஜராவது என்ற எண்ணம் அவரைப் போன்றவர்களுக்கு எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்துதான் வந்தது. இதை எழுதத்தான் சீனியர் சொன்னார். எழுதுகிறேன்.

என் பங்கையும் மறைக்கக்கூடாது. தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு எனக்கு வந்த முதல் சட்ட உதவி வழக்கின் கட்டு, சாட்சி விசாரணைக்கு முந்தின நாள் மாலை கைக்குக் கிடைத்தது. அவகாசம் கேட்டால் தயாரிப்பு இல்லாதவள் என்று நினைப்பார்களோ என்ற பயத்தில், தயார் என்று சொல்லிவிட்டேன். முக்கியச் சாட்சியிடம் இரண்டு கேள்வி கேட்டேன். மீதியெல்லாம் நம் தரப்பை நாமே சொல்லி, “என்று சொன்னால் சரியல்ல” என்று சாட்சி மறுப்பதோடு முடியும் யோசனைக் கேள்விகள். தண்டனை ஆனது. அன்று மாலை சீனியரிடம் போய்ச் சொன்னேன். அவர் சட்டம் எதுவும் கேட்கவில்லை. “அவருக்கு எத்தனை பிள்ளைகள்? என்ன வேலை செய்கிறவர்? நடந்ததாகச் சொல்லும் நாளில் தான் எங்கே இருந்ததாகச் சொல்கிறார்?” என்று மூன்று கேள்விதான். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியாது. நான் அந்த மனிதரிடம் பேசியதே நீதிமன்ற வராந்தாவில் காவலர்களுக்கு நடுவில் சில நிமிடங்கள்தான். மேல்முறையீட்டை இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். சாட்சியை மறுபடி அழைத்துக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் என் அரைகுறை வேலைக்காக அவர் சிறையில் கழித்த மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை. இன்றும் சட்ட உதவிக் கட்டு கைக்கு வரும்போதெல்லாம் அந்த முகம் நினைவுக்கு வருகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று அரசுக்குச் சொல்லும் அரசியலமைப்பின் 39அ பிரிவு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. 1978இல் ஹோஸ்கட் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வசதியில்லாத கைதிக்கு வழக்கறிஞர் கொடுப்பது அரசின் கடமை என்றார். அடுத்த ஆண்டு ஹுசைனாரா கத்தூன் வழக்கு. செய்யாத குற்றமோ செய்த குற்றமோ, அதற்கு உரிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம் பிகார் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களின் கதை பத்திரிகையில் வந்து, வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி அதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 1986இல் சுக் தாஸ் வழக்கில், வழக்கறிஞர் வேண்டும் என்று எதிரி கேட்கவில்லை என்ற காரணம் செல்லாது, அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று தண்டனையையே ரத்து செய்தார்கள்.

நம் சங்கத்தின் படிப்பு வட்டத்தில் சீனியர் அதிகமாக எடுத்துப் பேசியது 2019ஆம் ஆண்டின் அனோக்கிலால் தீர்ப்பு. மரண தண்டனை வரை போன வழக்கு. எதிரிக்கு வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அதே நாளில் குற்றச்சாட்டு வனையப்பட்டது, அதாவது எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று நீதிமன்றம் முறையாக எழுதியது. இரண்டு வாரத்துக்குள் விசாரணையே முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் உள்ளவரைத்தான் நியமிக்க வேண்டும், தயாரிப்புக்குப் பொதுவாகக் குறைந்தது 7 நாளாவது கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. வேகமான விசாரணை நல்லதுதான். ஆனால் அது நியாயமான விசாரணையாகவும் இருக்க வேண்டும். இந்தத் தீர்ப்பை அன்றைக்கு நான் படித்திருந்தால் பயப்படாமல் 7 நாள் கேட்டிருப்பேன். அதனால்தான் அதன் முக்கியப் பத்திகளைத் தமிழில் எழுதி நம் நூலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

இந்த ஆண்டு சங்கம் எடுத்த முடிவுகளில் நான் பெரிதாக நினைப்பது ஒன்று. சட்ட உதவி வழக்கை ஏற்கும் உறுப்பினர், குற்றச்சாட்டு வனைவதற்கு முன் கட்சிக்காரரை ஒருமுறையாவது தனியாகச் சந்தித்துப் பேசியிருக்க வேண்டும். உள்ளே இருந்தால் சிறைக்குப் போய் மனு போட்டுப் பார்த்துப் பேச வேண்டும். அப்படிப் பேசாமல் விசாரணைக்கு எழுந்திருப்பதில்லை என்று நமக்கு நாமே விதித்துக்கொண்டோம். எதிர்ப்பும் இருந்தது. ஒரு நாளில் பாதி போய்விடுகிறது, சட்ட உதவிக் கட்டணம் வண்டிச் செலவுக்கே பற்றாது என்று சில இளம் உறுப்பினர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். அதை மறுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. சீனியர் அதற்கு வாதம் ஏதும் சொல்லாமல், சிறைக்குப் போகிறவர்கள் தன் காரில் வரலாம் என்று சொல்லிவிட்டார். அப்போதிலிருந்து அந்தக் கார் தவறாமல் போகிறது. இடம் போதாமல் இப்போது இன்னொரு உறுப்பினரும் தன் வண்டியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

சிறையில் நாங்கள் கற்றுக்கொண்டவை நிறைய. ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் வெளியே வராமல் இருப்பவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் ஜாமீன்தார்தான். 1978ஆம் ஆண்டு மோத்தி ராம் வழக்கில் ஒரு கொத்தனாரிடம் ₹10,000 ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன் நின்ற அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அந்த ஜாமீனையும் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்து, ₹1,000 சொந்தப் பிணையில் விடச் சொன்னது. இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நிலையில் ஆட்கள் இருப்பதைப் பார்க்கும்போது மனம் தாங்கவில்லை. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டில் ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் உதவித் திட்டமும் வந்தது. அப்போது வகுத்த வரம்பின்படி விசாரணைக் கைதிக்கு ₹40,000 வரை பிணைத்தொகைக்கும், தண்டனைக் கைதிக்கு ₹25,000 வரை அபராதம் கட்டவும் வழி வந்தது. இதற்கான விண்ணப்பங்களை எழுதுவதை நம் சிறைக் குழு வழக்கமான வேலையாகவே எடுத்துக்கொண்டது.

இன்னொன்று, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், தன் மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. புதிய சட்டம் வருவதற்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்பது 2024 ஆகஸ்டில் தெளிவாகிவிட்டது. விண்ணப்பம் போட வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்றும் சட்டமே சொல்கிறது. சீனியர் ஒரு எளிய அட்டவணை போட்டுக் கொடுத்தார்: பெயர், பிரிவு, அதிகபட்சத் தண்டனை, உள்ளே வந்த தேதி, மூன்றில் ஒரு பங்கு முடியும் தேதி. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு கைதி, “இந்தத் தேதியை எழுதி என் கையில் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எங்களோடு வந்திருந்த இளம் உறுப்பினர் திரும்பி வரும்வரை பேசவே இல்லை. அடுத்த முறை கூப்பிடாமலே முதல் ஆளாகக் காரில் வந்து உட்கார்ந்தார்.

தண்டனை, நடைமுறை, சாட்சியம் பற்றிய புதிய மூன்று சட்டங்களும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து படிப்பு வட்டம் வாரந்தோறும் நடக்கிறது. தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள் 358 ஆகின; நடைமுறைச் சட்டத்தில் 484 பிரிவுகள் 531 ஆகின. பழைய எண்கள் நாக்கில் ஊறிப்போன நமக்கு இது சிரமம்தான். சீனியர் இந்த வயதில் ஒரு மாணவரைப் போல ஒப்பீட்டு அட்டவணையைக் கையால் எழுதி எடுத்துவந்தார். எண்களைவிட, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, காட்சிப் பதிவு செய்ய வேண்டும் என்ற 105ஆவது பிரிவில்தான் அவருக்கு ஆர்வம் அதிகம். அந்தப் பாலத்தடி மகஜர் போன்றவை இனி நடக்காமல் இருக்க இது உதவும் என்று நம்புகிறார். பதிவு இல்லாத இடத்தில் ஏன் இல்லை என்று கேட்கவும், பதிவு இருக்கும் இடத்தில் அதன் நகலைக் கேட்டு வாங்கி முழுதாகப் பார்க்கவும் நம்மைப் பழக்கிவருகிறார்.

சனிக்கிழமை சட்ட ஆலோசனை முகாம் தொடர்ந்து நடந்தது. அங்கே வருகிறவர்களில் பெண்களே அதிகம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. இது படித்தவர்களுக்கே தெரியவில்லை. வருமானச் சான்று இல்லை என்று திரும்பிப் போன ஒரு பெண்ணை முகாமிலிருந்த சட்டத் தன்னார்வலர் பேருந்து நிறுத்தம் வரை ஓடிப்போய்க் கூட்டிவந்தார். 15100 என்ற உதவி எண்ணை எழுதிய பலகைகளை நீதிமன்ற வாசலிலும் மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலும் வைத்திருக்கிறோம். முகாமில் சீனியர் எடுத்துக்கொள்வது வயதான பெற்றோரின் மனுக்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சொல்வார். ஆனால் உடனே மனு எழுத மாட்டார். முதலில் மகனையோ மகளையோ தொலைபேசியில் கூப்பிட்டு ஒருமுறை வந்து பேசச் சொல்வார். வந்தவர்கள் உண்டு, வராதவர்களுக்கு மனு தயாராகும்.

மாவட்டங்களில் குற்ற வழக்குகளில் வசதியில்லாத எதிரிகளுக்காக வாதாட முழுநேரச் சட்ட உதவி வழக்கறிஞர்களை நியமிக்கும் முறை 2022இல் வந்தபோது, நம் வழக்குகள் போய்விடுமோ என்று நம்மில் பலர் கலங்கினோம். அந்தக் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. சம்பளத்துக்கு முழுநேரமும் இதையே செய்கிறவர்கள் இருந்தால் ஏழைக்கு நல்லதுதானே என்பது சீனியரின் நிலை. நானும் இப்போது அதே பக்கம்தான். அவர்களில் புதியவர்கள் நம் நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுத்திருக்கிறோம்.

நவம்பர் 9, சட்டப் பணிகள் நாள் கூட்டத்தில் சீனியர் பேசினார். சட்டத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தோம், வ.உ.சி.யைப் பற்றிப் பேசினார். கப்பல் ஓட்டிய கதையை விட்டுவிட்டு, குற்ற வழக்குகளில் ஏழைகளுக்காக நின்ற வக்கீல் வ.உ.சி.யைப் பற்றி. 1908இல் தண்டனை பெற்றதும் சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமம், பறிபோனது. சிறையிலிருந்து வந்து வருமானமின்றித் தவித்தவருக்கு, வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். சன்னது என்பது எப்பேர்ப்பட்ட பொருள் என்று இதைவிட நன்றாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பிறகு, ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னையின் கிரவுன் பிராசிக்யூட்டராக, அதாவது அரசு வழக்கறிஞராக, இருந்த முதல் இந்தியரான வி.எல். எத்திராஜ், தொழிலில் சம்பாதித்ததைக் கொண்டு 1948இல் பெண்களுக்காகக் கல்லூரி தொடங்கியதைச் சொன்னார். அந்தக் கல்லூரியில் படித்த நம் உறுப்பினர் ஒருவர் கூட்டத்திலேயே கண்கலங்கினார்.

செய்யாதவற்றையும் எழுத வேண்டும். பெண்கள் சிறைப் பகுதிக்குப் போகப் பெண் உறுப்பினர்கள் போதவில்லை. நானும் சில முறை தவறவிட்டேன். பள்ளிகளில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றிய வகுப்புகள் தொடங்கி, தேர்வுக் காலத்தில் நின்றுபோய், அப்படியே விட்டுவிட்டோம். சாட்சிகள் காத்திருக்க இடம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. நாள் முழுக்க வராந்தாவில் நின்றுவிட்டு, வாய்தா என்று கேட்டுத் திரும்பிப் போகும் சாட்சிகளைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அதில் சில வாய்தாக்களை வாங்கியவர்கள் நாம்தான். வேறு மொழி பேசும் தொழிலாளர்கள் எதிரிகளாக வரும் வழக்குகளில், அவர்கள் சொல்வதைப் புரிந்து சொல்ல ஆள் கிடைப்பதில்லை. இந்தி, வங்காளம், ஒடியா தெரிந்த உறுப்பினர்களின் குடும்பத்தார் யாராவது முன்வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு வைக்கும் கோரிக்கைகள் இரண்டு. சட்ட உதவி வழக்குகளில் நேரில் இடம் பார்க்கவும் நகல் வாங்கவும் ஆகும் செலவுக்கு இளம் உறுப்பினர்களுக்குச் சங்க நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்க வேண்டும். தொகை எவ்வளவு என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். அடுத்து, சீனியரின் பழைய நோட்டுகளைப் பற்றி. நடுவில் கோடு போட்ட அந்த நோட்டுகளை நூலகத்துக்குக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். கட்சிக்காரர்களின் பெயர்களையும் அவர்கள் நம்பிச் சொன்ன விவரங்களையும் நீக்கிய பிறகே யாரும் பார்க்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அந்த வேலைக்குப் பொறுமையான இரண்டு பேர் தேவை.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். அடுத்த சிறைச் சந்திப்பு இந்த வாரக் கடைசியில். வருகிறவர்கள் நூலக மேசையில் இருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். கார் காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடும்.

இப்படிக்கு,
செயலாளர்